ஓட்டு வீட்டின் பின்னால் இரண்டாம் முற்றம் வைத்துக் கூட்டிக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

கொல்லையில் இரண்டு அறை கூட்டிக் கட்டலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் பெரும்பாலானவர்கள் மறுநாளே கொத்தனாரை அழைத்துவிடுகிறார்கள். அவர் வந்து மணலும் செங்கல்லும் உள்ளே போக வழி வேண்டும் என்று பின்சுவரை உடைக்கிறார். வேலையின் கடைசியில் செய்ய வேண்டியது முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அதன் பிறகு எட்டு மாதம் அந்தக் குடும்பம் தூசியிலும் சாரலிலும் குடியிருக்கிறது.

இங்கே நான் சொல்வது கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்துத் தெருவீடுகளைப் பற்றி. திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடை), கூடம், நடுவில் முற்றம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கொல்லை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். அகலம் இருபது, இருபத்திரண்டு அடி. நீளம் மட்டும் தாராளம். என் சொந்த வீட்டிலும், பிறகு உறவினர் வீடுகள் சிலவற்றிலும் இந்த வேலையைக் கூடவே நின்று செய்திருக்கிறேன். தவறுகளில் பாதி என்னுடையவை.

1. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டா, புலப்படம், வீட்டுவரி ரசீது. நத்தம் பட்டாவில் தாத்தாவின் பெயரே இன்னும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாகம் பிரிக்காத வீடாக இருந்தால் பங்காளிகளின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். கூரை ஏறிய பிறகு வரும் வழக்கு கூரையை விட அதிகச் செலவு வைக்கும்.

கட்டட அனுமதி கூடுதல் கட்டுமானத்துக்கும் தேவை. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. பக்கச் சுவரை ஒட்டிக் கட்டுவதும் பழைய வீட்டோடு சேர்ப்பதும் உங்கள் இடத்தில் எந்த முறையில் அடங்கும் என்பதைப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரைபடம் போடச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் பலரும் மறக்கும் விஷயம் கோயில். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. தாராசுரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு இருந்தால் பழுதுபார்ப்பதற்குக்கூட முன் அனுமதி வேண்டும்; தடைப் பகுதிக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. தூரத்தை முதலில் அளந்துவிடுங்கள்.

கருவிகளில் உங்களுக்கென்று ஒன்றே ஒன்று வாங்கினால் போதும்: ஐம்பதடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் அதுதான் மட்டக்குழாய். ரசமட்டம் கொத்தனாரிடம் இருக்கும். ஆனால் வீட்டின் முன்னும் பின்னும் உள்ள உயர வித்தியாசத்தை அது சொல்லாது.

2. காலத்தைக் கணக்கிடுதல்

பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்த சில நாட்களில் கொல்லைக் கிணற்றில் நீர் ஏறுவது டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். தோண்டிய குழியிலும் அதே நீர்தான் ஏறும். ஆகவே கடைக்கால் (அஸ்திவாரம்) வேலை வைகாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் கூரை மூடியிருக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்கள் நீளம் போலத் தெரியும். தச்சருக்காகக் காத்திருந்தே அவை போய்விடும்.

3. பழைய முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் பின்னாளில் புதுத் தரையைப் பெயர்த்தவர்கள். நானும் அதில் ஒருவன்.

முற்றத்தின் மூலையில் ஒரு தூம்பு, அதாவது தண்ணீர் வடியும் வழி, இருக்கும். அது ரேழிக்கும் திண்ணைக்கும் அடியில் ஓடித் தெருச் சாக்கடையில் விழலாம், அல்லது அடுக்களைக்கு அடியில் ஓடிக் கொல்லையில் விழலாம். வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இரண்டு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுங்கள். ஒருவர் வாசலில், ஒருவர் கொல்லையில் நின்று பார்க்கட்டும். எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமாக, கொஞ்சமாக வந்தால் வழியில் கல் இறங்கியிருக்கிறது அல்லது வேர் நுழைந்திருக்கிறது.

அடுத்து மட்டக்குழாயால் முற்றத்துத் தரையையும் தெருச் சாக்கடையின் அடியையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு ஏறுகிறது. வீடு அப்படியே இருக்கிறது. பழைய தூம்பு ஒரு காலத்தில் தெருவுக்குச் சரியாக ஓடியிருக்கும். இன்றோ தெருவின் மழை அதன் வழியே முற்றத்துக்குள் வரும் நிலை.

பிறகு அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முற்றத்துக்குள் இறங்கும் கூரையும் முற்றமும் சேர்ந்து 700 சதுர அடி என்று வையுங்கள். ஏறத்தாழ 65 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் 6,500 லிட்டர். பதினைந்து லிட்டர் குடம் என்றால், எட்டு வினாடிக்கு ஒரு குடத்தை யாரோ இடைவிடாமல் உங்கள் முற்றத்தில் கவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவிலை அடைத்த தூம்பு அதைத் தாங்காது.

4. புது முற்றத்துக்கு இடம் விடுதல்

பழைய பின்சுவரை ஒட்டியே புது அறையைக் கட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்க முடியாத வீட்டில் அடுக்களைக்கு வெளிச்சம் வருவதே அந்தப் பின்சுவர் வழியாகத்தான். பழைய சுவருக்கும் புதுக் கட்டுக்கும் நடுவில் வானம் தெரிய இடம் விட வேண்டும். அதுவே இரண்டாம் முற்றம்.

எங்கள் வீட்டில் இருபத்திரண்டு அடியை இப்படிப் பிரித்தோம்: ஒரு பக்கம் ஐந்தடித் தாழ்வாரம், நடுவில் ஒன்பதடி முற்றம், மறுபக்கம் எட்டடியில் குளியலறையும் சாமான் அறையும். இவற்றின் பின்னால் அகலம் முழுவதற்கும் புதுக் கட்டு. சுவர்க் கனம் இந்த அளவுகளுக்குள் அடக்கம். ஈரம் படும் அறைகள் எல்லாம் புதுப் பக்கத்தில். மண் சாந்துச் சுவரில் குளியலறையை ஒட்ட வைத்தால் சுவர் அடியிலிருந்து கரையும்.

மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் திசையைப் பாருங்கள். நம் அட்சரேகையில் மார்கழி நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அப்போது விழும் நிழல், சுவர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முற்றத்துக்குத் தெற்கே இருபதடிக்கு மாடி எடுத்தால் நிழல் பதின்மூன்று அடிக்கு மேல் நீளும். ஒன்பதடி முற்றத்தில் வெயில் ஒரு பொட்டும் விழாது; பாசியும் வழுக்கலும்தான் மிஞ்சும். மாடி இல்லாமல், கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணம் எட்டடியில் நின்றால் நிழல் ஐந்தரை அடியோடு நின்றுவிடும். மீதியில் வெயில் கிடைக்கும். வீடு தெற்குப் பார்த்து, கொல்லை வடக்கில் இருந்தால் பின்கட்டில் மாடி எடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனியில் சூரியன் வடக்கே சாய்ந்தாலும் நிழல் உயரத்தில் கால் பங்குகூட வராது.

5. குழாயை முதலில் புதையுங்கள்

கடைக்கால் தோண்டும் முன் வடிகால் பாதை தரையில் சுண்ணாம்புக் கோடாக இருக்க வேண்டும். புது அறைகளுக்கு அடியில் அது போவதைத் தவிர்க்க முடியாது என்றால், நேர்கோட்டில், தாழ்வாரத்துக்கு அடியில் கொண்டுபோங்கள். அடைப்பு வந்தால் தாழ்வாரத்துக் கல்லைத் தூக்கலாம். படுக்கையறைத் தரையைத் தூக்க முடியாது.

வாட்டம் நூறுக்கு ஒன்று. அறுபதடி ஓடினால் ஏழு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறக்கம் வேண்டும். அந்த ஏழு அங்குலம் உங்கள் மனையில் கிடைக்கிறதா என்பதை மட்டக்குழாய் சொல்லும். நாலு அங்குலக் குழாய் கணக்குக்குப் போதும். நான் ஆறு அங்குலம்தான் போடுவேன், இலையும் மண்ணும் கணக்குப் பார்ப்பதில்லை. திருப்பம் ஒவ்வொன்றிலும் மூடி போட்ட தொட்டி. முற்றத்தில் ஒரு வாய்க்குப் பதில் இரண்டு வாய்.

தெருவும் மேடு, கொல்லைக்குப் பின்னாலும் மேடு என்றால், நீரை மண்ணுக்குள் இறக்கும் உறைக்குழியை மட்டும் நம்பாதீர்கள். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழி தானே நிரம்பி நிற்கும். தொட்டி கட்டி மோட்டார் வைப்பதுதான் வழி. கிணற்றுக்குள் விடுவதென்றால் கூரை நீரை வடிகட்டி விடலாம். துணி துவைக்கும் முற்றத்து நீரை விடக்கூடாது.

6. பழைய சுவரைப் படித்தல்

அடுக்களைப் பின்சுவரில் ஓரிடத்தில் பூச்சைப் பெயர்த்து, செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தை ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் சுண்ணாம்பு. பழுப்பாக உதிர்ந்து, தண்ணீர் பட்டதும் குழைந்தால் மண். மண் சாந்துச் சுவர் மேல் மாடி கிடையாது. அதில் பேச்சே இல்லை.

அதே நாளில் உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நடுவில் தேக்கு இரும்பு மாதிரி இருக்கும்; சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் மட்டும் கறையானுக்கும் ஈரத்துக்கும் போயிருக்கும். புது வேலையின் அதிர்வில் இறங்குவது அந்த முனைகள்தான்.

7. கடைக்கால்

பழைய சுவரை ஒட்டி மூன்றடிச் சதுரத்தில் ஒரு குழி தோண்டி, பழைய கடைக்கால் எந்த ஆழத்தில் முடிகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே, அதை ஒட்டி, புதுக் குழி போகக்கூடாது. போனால் பழைய சுவருக்கு அடியிலுள்ள மண் பக்கவாட்டில் சரிந்து வெளியே வரும். புதுக் கட்டுக்கு ஆழம் அதிகம் வேண்டுமென்றால் சுவரை விட்டு விலக விலகப் படிப்படியாக இறங்குங்கள். ஒட்டியுள்ள பகுதியை ஒரே நாளில் நீளமாகத் தோண்டாமல், நாலடி தோண்டிக் கட்டி மூடிவிட்டு அடுத்த நாலடிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் ஓரத்திலும் இதே முறை. தோண்டும் முன் அந்தச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைப் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்பு நிலைக்கும்.

தரைமட்டத்தில் தடுமாறுபவர்கள் நிறைய. பேஸ்மென்ட்டின் மேல்மட்டத்தைப் பழைய கூடத்துத் தரைக்குச் சமமாக நிறுத்திவிடுவார்கள். அதன் மேல் கலவையும் தரைக்கல்லும் மூன்று அங்குலம் ஏறும் என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். வயதானவர்கள் இரவில் இடறும் படி இப்படித்தான் பிறக்கிறது. முடிந்த தரையை முதலில் குறித்து, அதிலிருந்து கீழே கணக்கிடுங்கள். தாழ்வாரம் அறையை விட ஓரங்குலம் கீழே. முற்றம் தாழ்வாரத்தை விட ஆறங்குலமாவது கீழே.

8. புதுச் சுவர் பழைய சுவரைப் பிடிக்கக்கூடாது

பழைய சுவரில் பல் வெட்டிப் புதுச் செங்கல்லைக் கோர்த்தால்தான் உறுதி என்று மேஸ்திரி சொல்வார். பழைய வீடு இறங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ இறங்கி நின்றுவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கோர்த்தால் இறங்குவது பழையதையும் இழுக்கும்.

ஓரங்குல இடைவெளி விட்டு, நடுவில் தெர்மோகோல் தகடு வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்பக்கம் அந்த இடுக்கை மரப்பட்டையால் மூடலாம். பட்டையின் ஆணி ஒரு பக்கச் சுவரில் மட்டும் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் இடைவெளி விட்டதற்கே பொருளில்லை.

புதுச் சுவரில் சிமெண்ட் இருக்கலாம். பழைய சுவரைத் தொடும் ஒட்டுப்போடல், பூச்சு எல்லாம் சுண்ணாம்பு. அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காய்ந்துவிடும். சிமெண்ட் அதை மூடிவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறி, இரண்டொரு மழைக்காலத்தில் பூச்சைத் தகடு தகடாகத் தள்ளும்.

9. கூரையும் கூடல்வாயும்

ஓட்டுக்கு முப்பது டிகிரிச் சாய்வு என்று வையுங்கள். பத்தடி ஓட்டத்துக்கு ஐந்தேமுக்கால் அடி உயரம். இதைத் தாழ்வாரத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்தடி அகலம், முற்றத்துப் பக்கம் ஒன்றரை அடி இறவாணம், மொத்தம் ஆறரை அடி. இறக்கம் மூன்றேமுக்கால் அடி. இறவாணத்தின் நுனி தலையில் இடிக்காமல் ஆறரை அடியில் நிற்க வேண்டுமென்றால் சுவர்ப் பக்கம் பத்தேகால் அடி உயரம் தேவை. பக்கச் சுவர் எட்டடிதான் என்றால் அதற்கு மேல் உங்கள் சுவரை நீங்கள்தான் கட்ட வேண்டும். இதை ஓடு ஏற்றும் நாளில் கண்டுபிடித்தவர்கள் குனிந்தே நடக்கிறார்கள்.

இரண்டு சாய்வு உள்மூலையில் சேரும் இடம் கூடல்வாய். முற்றத்து வீட்டில் ஒழுகினால் பெரும்பாலும் இங்கேதான் ஒழுகும். முதலில் மூலையில் சாய்ந்து வரும் கனமான கைமரம், பிறகு மற்றக் கைமரங்கள், அதன் பிறகு ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பர். ரீப்பர் இடைவெளியை வாய்ப்பேச்சில் வாங்காதீர்கள். வந்திறங்கிய ஓட்டில் நாலைந்தை ஒன்றின் மேல் ஒன்று கோர்த்துத் தரையில் வைத்து அளந்து அடிக்கச் சொல்லுங்கள். சூளைக்குச் சூளை அளவு மாறும்.

கூடல்வாய்த் தகடு இரண்டடி அகலமாவது வேண்டும். இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் மேல்நோக்கி மடிக்க வேண்டும். வேகமாக வரும் நீர் எதிர்ச் சாய்வில் ஏறி ஓட்டுக்கு அடியில் புகுவதை அந்த மடிப்புதான் தடுக்கிறது. கீழ்த் தகட்டை முதலில் வைத்து, மேல் தகடு அதன் மேல் ஓரடி ஏறி உட்காரட்டும். இரண்டு பக்க ஓடுகளும் தகட்டின் மேல் நாலங்குலமாவது ஏற வேண்டும். நடுவில் ஆறங்குலம் திறந்தே இருக்க வேண்டும். அந்தத் திறப்பைக் கலவையால் அழகாக மெழுகிவிட ஒருவர் வருவார். தடுத்துவிடுங்கள். கலவை வெடித்தால் நீர் அதற்குள் தங்கும். தகடு அலுமினியமாக இருந்தால் ஈரச் சிமெண்ட் அதை அரித்தும்விடும்.

மரத்தூண்களைத் தரைக்குள் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்துங்கள்.

10. இப்போது வாசலை உடைக்கலாம்

புதுக் கட்டு மூடிக் காய்ந்து, சில வாரம் நின்ற பிறகுதான் பழைய பின்சுவரில் கை வைக்க வேண்டும். அதுவரை மணலும் செங்கல்லும் பின் சந்து வழியாகவோ, அது இல்லையென்றால் ரேழி, கூடம் வழியாக அடுக்களை வாசலில் சாக்கு விரித்தோ போகட்டும்.

உடைக்கும் இடத்துக்கு நேர் மேலே உத்திரம் உட்கார்ந்திருந்தால் இடத்தை மாற்றுங்கள். இல்லையென்றால் சுவரின் இரண்டு பக்கமும் கூரைக்கு முட்டுக் கொடுங்கள். முட்டின் காலுக்கடியில் பலகை வேண்டும், தரைக்கல் உள்ளே அமுங்காமல் இருக்க.

ஒன்றரை அடிக் கனச் சுவர், மூன்றரை அடி வாசல் என்றால், ஐந்தரை அடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஆறங்குல உயரத்தில் இரண்டு லின்டல்களை (வாசலுக்கு மேல் சுமை தாங்கும் கான்கிரீட் விட்டங்களை) முன்கூட்டியே தரையில் வார்த்து, நனைத்து, முதிரவிட்டு வைத்திருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ வரும். தூக்க நான்கு பேர் வேண்டும். சுவரின் வெளிப்பக்கத்தில் பாதிக் கனத்துக்கு மட்டும் பள்ளம் வெட்டி முதல் லின்டலைச் செலுத்துங்கள். இரண்டு முனையும் ஓரடி சுவரில் உட்கார வேண்டும். மேலே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதில் ஈரம் குறைந்த சிமெண்ட் கலவையையும் ஓட்டுச் சில்லையும் கட்டையால் இடித்து இறுக்குங்கள். பழைய சுவரில் சிமெண்டை நான் அனுமதிப்பது இந்த ஓரிடத்தில்தான், ஏனென்றால் சுமை உடனே இறங்க வேண்டும். ஒரு வாரம் கழித்து உள்பக்கப் பாதியில் இரண்டாவது. இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் லின்டலுக்குக் கீழே மேலிருந்து வரிசை வரிசையாகச் செங்கல்லை எடுக்க வேண்டும். ஓரங்களை வெட்டும் மெஷினால் அறுங்கள். சம்மட்டி வேண்டாம்.

என் முதல் வேலையில் இந்த இரண்டு வாரக் காத்திருப்பு வீண் என்று ஒரே நாளில் முழுக் கனத்தையும் உடைத்தோம். மாலை நாலு மணிக்கு மூலையிலிருந்து உத்திரம் வரை ஒரு கோடு ஓடியது. மேலே இரண்டு வரிசை நாட்டு ஓடு சரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அன்றிரவு யாரும் அடுக்களையில் சமைக்கவும் இல்லை.

11. வயரிங், முற்றத்துக் கம்பி

மண் சாந்துச் சுவரில் குறுக்காகக் காடி வெட்டி வயர் புதைக்க விடாதீர்கள். சுவரின் மேல் குழாய் ஓடட்டும். அழகு கொஞ்சம் குறையும், சுவர் நிற்கும்.

முற்றத்து மேல் குரங்குக்கும் திருடனுக்கும் கம்பி போடுவது சரி. கம்பிச் சட்டத்தின் சுமை இறவாணத்தில் இறங்காமல் சுவரிலோ தூணிலோ இறங்க வேண்டும். மழை வருகிறதே என்று அதன் மேல் பிளாஸ்டிக் தகட்டை ஒட்ட மூடினால் சித்திரையில் வீடு அடுப்பாகும். மேலேறும் வெப்பக் காற்றுக்கு வழியில்லை. மூடியே ஆக வேண்டுமென்றால் கூரையை விட ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்துவிட்டு மூடுங்கள்.

12. முதல் மழைக்கு முன்

புரட்டாசியில் ஒரு நாள் கூடல்வாய் ஒவ்வொன்றிலும் மேலே ஏறி ஹோஸ் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் அடித்து ரீப்பரைப் பார்க்கட்டும். பிறகு இரண்டு தூம்பு வாய்களில் ஒன்றைச் சாக்கால் அடைத்துவிட்டு, மற்றொன்று மட்டும் முற்றத்தை வடிக்கிறதா என்று பாருங்கள். வடியவில்லை என்றால் குழாயில் கலவை விழுந்து உறைந்திருக்கும். திருப்பத்துத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கொத்தனாருக்குக் கடைசிப் பணம் கொடுக்கும் முன் எடுக்கச் சொல்லுங்கள்.